கரகரப்பு வேறு, இரைச்சல் வேறு

பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போன வருசம் கேம் படங்களைத் திரைக்கு வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை, 2 ஃபேன் வைத்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரை, பழசாக வாங்கியிருக்கிறீர்கள். இப்போது காலையில் கணினியைப் போட்டதும் கரகரவென்று அரைக்கிறது. பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடுகிறது. சாயந்திரம் கேம் ஓட்டினால், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு இரைச்சல். பட்டணத்துக் கடையில் "கார்டு முடிஞ்சிபோச்சு, புதுசு போடு" என்றார்கள். கூட்டாளி ஒருவர் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். எந்த எண்ணெய் விடலாம் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. கேட்க வந்தது வேறு என்று நினைக்கிறேன்: இது கார்டு சாகப்போகிற சத்தமா, அப்பாவிடம் மறுபடி ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) போய் நிற்க வேண்டுமா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நிற்க வேண்டியிராது.

நான் கணினி படித்தவன் அல்ல. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை மில்லில் 14 வருசம் ஃபிட்டராக இருந்தேன். பாய்லர் ஃபேன், பம்பு, கன்வேயர் என்று நாள் முழுக்கச் சுற்றுகிற சாமான்களோடுதான் வாழ்க்கை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் ஹவுசிங்மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டால், உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறதா, குண்டு உடைந்திருக்கிறதா என்று தெரியும். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இப்போது வீட்டு முன்கூடத்தில் கணினி பழுது பார்க்கிறேன். உங்கள் கார்டை நான் நேரில் கேட்கவில்லை. போனில் பிடித்த சத்தத்தை அனுப்பினாலும் எனக்குப் பெரிதாக உதவாது. போன் பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்தது, பின்னால் ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்தை அதுவாகவே அமுக்கிவிடும். அதனால் கீழே எழுதுவதில் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

எண்ணெய்க் குப்பியைத் தொடும் முன், சத்தம் அந்தக் கார்டிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். அக்கா மகன் கொண்டுவந்த கணினியில் கார்டைக் கழற்றி, 2 ஃபேனுக்கும் எண்ணெய் விட்டு, சில்லின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையையே அதற்குக் கொடுத்தேன். மாட்டிப் போட்டால் அதே கரகரப்பு. கடைசியில் பார்த்தால் பவர் சப்ளையின் ஃபேன். கார்டுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிற சத்தம் கார்டில் கேட்ட மாதிரியே இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் சத்தம் அப்படித்தான் அலைக்கழிக்கும். ஸ்க்ரூடிரைவர் வித்தையை இங்கே காட்டாதீர்கள், உள்ளே மின்சாரம் ஓடுகிறது. பழைய நாள்காட்டித் தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து, கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகே கொண்டுபோங்கள். பிறகு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு (எந்தக் கம்பெனிக் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும்) கார்டு ஃபேனின் வேகத்தைக் கையால் 40, 60, 80 சதவீதம் என்று ஏற்றி இறக்குங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால் குற்றவாளி கார்டுதான். அசையாமல் அப்படியே இருந்தால் கேசிங் ஃபேனோ பவர் சப்ளையோ. பவர் சப்ளையாக இருந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

2 ஃபேனில் எது என்று பார்க்க, கேம் எதுவும் ஓடாத நேரத்தில், வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஃபேன் நடுவில் வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தி ஒரு நொடி நிறுத்துங்கள். இறக்கையைத் தொடாதீர்கள். எதை நிறுத்தும்போது கரகரப்பு போகிறதோ அதுதான்.

கார்டுதான் என்று உறுதியான பிறகும், சத்தத்துக்குச் சாதி உண்டு. ஒரே சீராக டிக் டிக் என்றால் பெரும்பாலும் வயர் ஒன்று இறக்கையை உரசும், இல்லையென்றால் கனமான கார்டு தொங்கி அதன் பிளாஸ்டிக் மூடி இறக்கையில் படும். கார்டின் ஓரத்தைக் கையால் லேசாகத் தூக்கினால் நின்றுவிடும். வூம்... வூம்... என்று அலை அலையாக வந்தால் பழுதே இல்லாமல் இருக்கலாம். 2 ஃபேனும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட வேகத்தில் சுற்றும்போது இரண்டு சத்தமும் சேர்ந்து அப்படி ஊஞ்சலாடும். கேம் மெனுவில் நிற்கும்போது மட்டும் கொசு மாதிரி கீச்சென்று கேட்டால் அது ஃபேனே இல்லை. மின்சாரத்தைச் சீராக்கும் சுருள்கள் அதிர்கிற சத்தம். மெனுவில் கார்டுக்கு வேலை குறைவு, நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து தள்ளும், சுருளும் அந்த வேகத்தில் பாடும். கேம் செட்டிங்கில் படத்தின் எண்ணிக்கையை 60 என்று கட்டிப்போட்டால் அடங்கிவிடும். அதற்கு எண்ணெய் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் "சத்தம்" என்று ஒரே வார்த்தையில் எழுதியதில் 2 சத்தம் இருக்கிறது. காலைக் கரகரப்பு ஒன்று, சாயந்திர இரைச்சல் இன்னொன்று. முதலாவது பேரிங் சமாச்சாரம், இரண்டாவது சூட்டின் சமாச்சாரம். எண்ணெய் விட்டால் இரண்டாவது போகாது. தூசி தட்டினால் முதலாவது போகாது. இதைப் பிரிக்காமல் ஒரு வைத்தியம் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலையே, கார்டுதான் போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கரகரப்பு பற்றி நான் ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். குளிர்ந்திருக்கும்போது அரைத்து, சூடானதும் அடங்குவது ஸ்லீவ் பேரிங் காய்ந்துவருவதன் அடையாளம். மில்லில் இதை நாங்கள் புஷ் என்போம். குண்டு எதுவும் கிடையாது. ஒரு சிறிய உலோகக் குழாய்க்குள் தண்டு சுற்றும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம். சுற்றும்போது தண்டு அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது, உலோகத்தை உலோகம் தொடாது. எண்ணெய் வற்றி, தூசியும் கலந்து களிம்பாகிவிட்டால், காலையில் அது கெட்டியாக இருக்கும், படலம் சரியாக விரியாது, தண்டு குழாயில் உராயும். கார்டு சூடேறியதும் களிம்பு இளகி ஓடும், சத்தம் நிற்கும். கேசிங்கைப் படுக்கவைத்துப் பாருங்கள். நிமிர்ந்த கேசிங்கில் ஃபேன் தரையைப் பார்த்துத் தொங்குகிறது. படுக்கவைத்தால் தண்டு கிடைமட்டமாகிறது. அப்போது சத்தம் மாறினால் சந்தேகமே வேண்டாம். கணினியை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று ஓடி மெதுவாக நிற்கும். காய்ந்தது உடனே நின்றுவிடும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் காய்ந்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. ஊகம் மட்டுமே. 1660 சூப்பர் 2019 அக்டோபரில் வந்த கார்டு. 2021-இல் ஈத்தேரியம் என்ற மின்காசைக் கணினியால் தோண்டி எடுப்பதற்கு இந்தக் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள், 125 வாட்தான் இழுக்கும் என்பதால். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈத்தேரியம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்த வேலை ஒரே நாளில் நின்றது, கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து கொட்டின. 20 மாதம் இரவு பகலாக ஓடிய கார்டு என்றால் அதன் ஃபேன் சுமார் 14,400 மணி நேரம் சுற்றியிருக்கும். உங்களைப் போல நாளுக்கு 4 மணி நேரம் விளையாடுகிறவர் அந்தக் கணக்கை எட்ட கிட்டத்தட்ட 10 வருசம் ஆகும். உங்கள் கார்டு அப்படி வந்ததா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அப்படி வந்திருந்தாலும் அலற வேண்டாம். தொடர்ந்து ஒரே சூட்டில் ஓடிய சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது ஃபேன்தான், அது மாற்றக்கூடிய சாமான்.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெயும் வேண்டாம். தலைக்கும் விளக்கிற்கும் ஆனவை அவை. சமையல் எண்ணெய்கள் காற்றும் சூடும் பட்டால் பிசினாகும். வடைச் சட்டியின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாமல் இருக்குமே, அதேதான் புஷ்ஷுக்குள்ளும் நடக்கும். ஒரு வாரம் அமைதியாக ஓடும், பிறகு ஃபேன் நின்றேவிடும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் கூடாது. அதில் பாதிக்கு மேல் கரைப்பான், மிச்சமிருந்த நல்ல எண்ணெயையும் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகும். நானே ஆரம்பத்தில் அடித்து, ஒரு வாரம் பெருமைப்பட்டு, இரண்டாவது வாரம் ஃபேனைத் தூக்கி எறிந்தவன். தையல் மெசின் எண்ணெய் வாங்குங்கள். எந்த ஹார்ட்வேர் கடையிலும் சின்னக் குப்பியில் கிடைக்கும், சில வெள்ளிதான்.

கார்டைக் கழற்றி, ஃபேனையும் அதிலிருந்து எடுத்து, ஃபேனின் பின்பக்கம் இருக்கும் ஸ்டிக்கரை மெதுவாக உரியுங்கள். அதற்கு முன் வாங்கிய இடத்தில் வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், பிரித்தபின் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். சில ஃபேன்களில் ஸ்டிக்கருக்கு அடியில் சின்ன ரப்பர் மூடி இருக்கும், சிலவற்றில் தண்டு நேராகத் தெரியும். பழைய களிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், காயவிடுங்கள், ஒரு சொட்டு விடுங்கள், கையால் சுற்றுங்கள், இன்னொரு சொட்டு. அவ்வளவுதான். நிறைய விட்டால் சுற்றும்போது தெறித்துக் கார்டெல்லாம் வழியும். சிலவற்றில் எண்ணெய் விட வழியே வைத்திருக்க மாட்டார்கள், பின்பக்கம் முழுக்க மூடிய பிளாஸ்டிக். அதைக் கத்தியால் குடைய ஆரம்பிக்காதீர்கள், நேராக ஃபேனை மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் எவ்வளவு நாள் தாங்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். என் கையில் 3 மாதத்தில் திரும்பி வந்ததும் உண்டு, 2 வருசம் சத்தமே இல்லாமல் ஓடியதும் உண்டு. புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இறக்கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் மயிரிழை ஆட்டம் இயல்பு. பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் குழாய் வட்டம் போய்விட்டது, எண்ணெயால் இரும்பை வளர்க்க முடியாது. அப்போது ஃபேன் மாற்ற வேண்டியதுதான். ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு மாடல் நம்பர் இருக்கும், பக்கத்தில் 12 வோல்ட் என்றும் ஆம்பியர் எண்ணும். அந்த நம்பரை அப்படியே ஷாப்பி, லசாடா மாதிரி இணையக் கடைகளில் தேடினால் ஜோடியாகவே கிடைக்கும், எனக்கு 30 முதல் 60 வெள்ளிக்குள் முடிந்திருக்கிறது. இறக்கையின் குறுக்களவு, திருகு துளைகளின் இடைவெளி, பிளக்கில் எத்தனை ஊசி ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கார்டில் இருக்கும் பிளக் மதர்போர்டு ஃபேன் பிளக்கைவிடச் சிறியது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஏறாது. புஷ்ஷுக்குப் பதில் குண்டு வைத்த பால் பேரிங் போட்டது கிடைத்தால் அதையே எடுங்கள். கொஞ்சம் சத்தம் கூடுதல், ஆனால் நம்மூர்ச் சூட்டில் நின்று உழைக்கும்.

இனிச் சாயந்திர இரைச்சல். கார்டு விமர்சனங்களில் "68 டிகிரி, அமைதி" என்று போடுகிறார்களே, அதை அளப்பவர் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே சாயந்திரம் 5 மணிக்கு உங்கள் அறை 32 இருக்கும். அந்தப் 10 டிகிரி குறையாமல் கார்டின் தலையில் ஏறுகிறது. கார்டு தன் சூட்டைப் பிடித்து நிறுத்த ஃபேனை வேகமாகச் சுற்றுகிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும், ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே 5 டெசிபல் போகும் என்பது ஃபேன் வேலை செய்கிறவர்களின் கணக்கு. அதாவது கார்டைக் கொஞ்சம் குளிர வைத்தாலும் காதுக்குப் பெரிய லாபம்.

அதற்கு முதலில் தூசி. தோட்டத்துத் தூசி பட்டணத்துத் தூசி மாதிரி இல்லை. பழம் ஏற்றிப்போகும் லோரி செம்மண் சாலையில் கிளப்புவது மாவு மாதிரி நுணுக்கமானது, அதோடு வீட்டுக்குள் கொசுவத்திப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, அடுப்படித் தாளிப்பு. எல்லாம் சேர்ந்தால், சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே போர்வை மாதிரிப் படிந்துவிடும். சாமி அறைக்கு எதிரே இருந்த ஒரு கணினியில் நான் அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்திருக்கிறேன், மணமாகத்தான் இருந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் அடித்தால் அது தன் வேகத்துக்கு மேல் பறக்கும், பேரிங் கெடும், மின்னாக்கி மாதிரி வேலை செய்து கார்டுக்குள் மின்சாரத்தையும் தள்ளலாம். மில் பட்டறை கம்ப்ரெசரை வைத்து நான் ஒருமுறை வேடிக்கை காட்டப்போய், சைரன் மாதிரி ஊளையிட்டு ஒரு இறக்கை தெறித்துச் சுவரில் அடித்தது. ஒரு இறக்கை குறைந்த ஃபேன் கார்டையே குலுக்கும். டயர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்றடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், வேண்டாம்.

தூசி எடுத்தும் சூடு இறங்கவில்லை என்றால் சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மாற்றுவது கடினமல்ல, ஆனால் பக்கத்தில் மெமரிமேல் ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டுகள் கிழிந்தால் அதே கனத்தில் புதிது வேண்டும். கனம் மாறினால் ஹீட்சிங்க் சில்லில் சரியாக உட்காராது. முதல்முறை என்றால் இதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் செய்வேன். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்ற கம்பியை 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள். 125 வாட் கார்டு 100 வாட்டில் நிற்கும். கேமில் நொடிக்குச் சில படங்கள் குறையும். எது 100, எது 125 என்று சொல்லாமல் ஓட்டிக் காட்டினால் கண்ணால் பார்த்து நீங்கள் சொல்ல முடியாது என்று பந்தயம் கட்டுவேன், காது மட்டும் சொல்லிவிடும். கூடவே, எந்தச் சூட்டுக்கு ஃபேன் எந்த வேகம் என்று காட்டும் ஃபேன் வளைவையும் அதே மென்பொருளில் கொஞ்சம் திருத்துங்கள். பல கார்டுகளில் சூடு 50, 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஃபேன் நின்றுவிடும், தாண்டினால் கிளம்பும். அந்த எல்லையிலேயே சூடு ஊசலாடினால் ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பும். புஷ் அதிகம் தேய்வது கிளம்புகிற அந்த நொடியில்தான், எண்ணெய்ப் படலம் அப்போது இன்னும் விரிந்திருக்காது. அதனால் உங்கள் ஃபேனை 30 சதவீதத்தில் எப்போதும் மெதுவாகச் சுற்றவிடுவது நல்லது என்பது என் கட்சி. சும்மா சுற்றினால் தூசி சேரும் என்று மறுப்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் பொய் இல்லை.

கடைக்காரர் சொன்னதைப் பற்றி. அவரைத் திட்ட மாட்டேன். 40 வெள்ளி ஃபேனுக்கு ஆர்டர் போட்டு, ஒரு மணி நேரம் பிரித்து மாட்டி, நாளைக்கு வேறு ஏதாவது போனால் பொறுப்பும் ஏற்பதைவிடப் புதுக் கார்டு விற்பது அவருக்குச் சுலபம். ஆனால் "கார்டு முடிஞ்சிபோச்சு" என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிவது, கேம் நடுவே திரை கறுத்துக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவது, 2 ஃபேனும் முழு வேகத்தில் சுற்றியும் சூடு இறங்காமல் ஏறிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தால் அவர் சொல்வதற்குக் காது கொடுங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

இன்றைக்கு பவர் லிமிட்டைக் குறைத்து, தூசியை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பாருங்கள். ஸ்டிக்கரை உரிக்கும் முன் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் மறுபடி ஒட்டாது, அந்த மாடல் நம்பர் பெரும்பாலும் வேறு எங்கேயும் எழுதியிருக்காது.